சார்ஜ் ஏறுது, பாட்டு வரல: போனுக்கும் கார் செட்டுக்கும் நடுவில் நடப்பது என்ன?

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கார் செட் மாட்டித் தரும் கடை எதிலாவது அரை மணி நேரம் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணா, போனைச் சொருகினா சார்ஜ் ஏறுது, பாட்டு மட்டும் வரல." கடைக்காரர் தலை நிமிராமலே சொல்வார்: "போன் வேற, பென்டிரைவ் வேற தம்பி. ஒரு பென்டிரைவ் வாங்கிப் போட்டுக்கோ." பதில் சரிதான். ஏன் வேறு என்று கேட்டால் விளக்கம் வருவது அபூர்வம். அதே போனை அதே ஒயரில் கம்ப்யூட்டரில் சொருகினால் பாட்டெல்லாம் வரிசையாகத் தெரிகிறதே, கார் செட்டுக்கு மட்டும் என்ன கேடு என்ற கேள்வி அப்படியே நின்றுவிடும்.

ஒயரின் முனை துளைக்குள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த ஒயரில் போவது வெறும் மின்சாரமாக இருக்கலாம், ஸ்பீக்கருக்குப் போகவேண்டிய ஒலி அலையாக இருக்கலாம், அல்லது இன்னும் பாட்டாக மாறாத கோப்பாக இருக்கலாம். மூன்றும் ஒரே துளை வழியாகப் போகக்கூடும். துளையின் வடிவத்தை வைத்து உள்ளே எது போகிறது என்று சொல்லிவிட முடியாது.

இத்தனை வகை ஒயரும் இத்தனை வகைத் துளையும் ஏன் வந்தன என்றால், வண்டியின் ஆயுசும் பாட்டுக் கருவியின் ஆயுசும் ஒத்துப்போகாததால்தான் என்பது என் கணிப்பு. போனை மூன்று நான்கு ஆண்டில் மாற்றிவிடுகிறோம். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகும் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்து ஓட்டலாம். செட்டு, வண்டி பிறந்த காலத்தில் எந்தக் கருவி நடப்பில் இருந்ததோ அதற்கேற்ற துளையோடு வந்திருக்கும். ஓசூரில் ஏறித் தொப்பூர் கணவாய் வரை தேசிய நெடுஞ்சாலை 44-இல் போனால், கேசட் வாய் உள்ள பழைய மாருதி, சி.டி. மட்டும் தின்னும் செடான், யு.எஸ்.பி. துளை உள்ள கால் டாக்சி, பெரிய திரை வைத்த புது எஸ்.யு.வி. எல்லாம் ஒரே தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் கையில் இருப்பதோ எல்லாருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி போன். இடைவெளியை நிரப்பத்தான் அடாப்டர் வியாபாரம்.

முதலில் கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்ப்போம். கையடக்க எம்.பி.3 பிளேயர்கள் 1998-இல் கடைக்கு வந்தன. கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்.பி.மேன் என்ற கருவியைக் கொண்டுவந்தது; அதே ஆண்டு அமெரிக்காவில் டயமண்ட் ரியோ வந்தது. ரியோவின் நினைவகம் 32 மெகாபைட். நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் எம்.பி.3 பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் பிடிக்கும். ஆக மொத்தம் அரை மணி நேரப் பாட்டு. கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டும் துளையில்தான் அதைச் சொருகினார்கள்.

2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் 5 கிகாபைட் கொள்ளளவோடு வந்தபோது அது யு.எஸ்.பி.யைத் தொடவே இல்லை. அன்றைக்குப் பரவலாக இருந்த யு.எஸ்.பி.யின் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அந்த வேகத்தில் 5 கிகாபைட்டை நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் ஃபயர்ஒயர் என்ற வேறு இணைப்பு. ஐபாடில் இன்னொரு வினோதம் உண்டு. கம்ப்யூட்டரில் மாட்டினால் டிஸ்க் மாதிரி தெரியும், ஆனால் பாட்டை அப்படியே இழுத்துப் போட்டால் பாடாது. எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்பதை அது தனக்கென்று ஓர் அட்டவணைக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். பாட்டுகளையெல்லாம் மறைவான ஃபோல்டரில் அர்த்தமில்லாத நான்கு எழுத்துப் பெயர்களோடு அடுக்கியிருக்கும். ஐட்யூன்ஸ் வழியாக ஏற்றினால்தான் அட்டவணையில் பதிவாகும். நம் பக்கத்தில் ஐபாட் வைத்திருந்தவர்கள் குறைவு, அந்தத் தலைவலியும் குறைவு. இங்கே புழங்கியது பென்டிரைவ் வடிவச் சீன பிளேயர்களும், அதற்குப் பின்னால் போனின் மெமரி கார்டும்தான். "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று அட்டை தொங்கவிடாத செல்போன் கடை ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்ததா என்ன? (அது பதிப்புரிமைச் சட்டப்படி தவறு என்று ஏற்றிக்கொடுத்தவரும் நினைக்கவில்லை, ஏற்றிக்கொண்டவரும் நினைக்கவில்லை.)

அந்தச் சீன பிளேயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பாட்டு தெரிந்தது, பிற்பாடு யு.எஸ்.பி. துளையோடு வந்த கார் செட்டில் மாட்டினாலும் பாடியது. இன்றைய போன் அப்படிப் பாடாததன் காரணம் யு.எஸ்.பி.யின் அடிப்படை ஏற்பாட்டில் இருக்கிறது. யு.எஸ்.பி.யில் ஒரு முனை எப்போதும் கேட்கிற முனை, மறுமுனை பதில் சொல்கிற முனை. கம்ப்யூட்டர் கேட்கிற முனை. கார் செட்டும் கேட்கிற முனைதான். பிளேயர், பென்டிரைவ், போன் இவை பதில் சொல்கிறவை. லேப்டாப்பைக் கார் செட்டின் யு.எஸ்.பி.யில் மாட்டினால் ஒன்றும் நடக்காததற்கும் இதுவே காரணம்: இரண்டுமே கேட்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது.

பதில் சொல்வதில் இரண்டு முறை உண்டு. பழைய முறைக்கு மாஸ் ஸ்டோரேஜ் என்று பெயர். மளிகைக் கடைக்காரர் கடைச் சாவியையே வாடிக்கையாளரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது போன்றது இது. உள்ளே எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று வந்தவரே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் உள்ளே இருக்கும்வரை கடைக்காரருக்கு வேலை இல்லை. பென்டிரைவுக்கு இது பொருத்தம், ஏனென்றால் அதற்கென்று சொந்த வேலை எதுவும் கிடையாது. போனுக்குப் பொருந்தாது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகள் இப்படித்தான் நடந்தன. கம்ப்யூட்டரில் மாட்டி அந்த வசதியை ஆன் செய்தால், மெமரி கார்டை போன் தொட முடியாது. கேமரா படம் எடுக்காது, பிளேயர் பாடாது. ஒரே நினைவகத்தில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்புகள் சிதைந்துபோகும் என்பதால் ஒருவர் விலகித்தான் ஆகவேண்டும்.

இரண்டாவது முறை எம்.டி.பி. மைக்ரோசாஃப்ட் 2004 வாக்கில் விண்டோஸ் மீடியா பிளேயரோடு பிளேயர்களுக்கென்று கொண்டுவந்தது, 2008-இல் யு.எஸ்.பி. அமைப்பு அதைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டது. இதில் சாவி கைமாறாது. கல்லாவுக்கு முன்னால் நின்று "அந்தப் பாட்டைக் கொடு" என்று கேட்டால் போன் உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கும். 2011-இல் ஆண்ட்ராய்டு இந்த முறைக்கு மாறியது. விண்டோஸுக்கு இப்படிக் கேட்கத் தெரியும், அதனால் கம்ப்யூட்டரில் பாட்டு தெரிகிறது. பெரும்பாலான கார் செட்டுகளுக்குத் தெரியாது. சாவியைக் கொடு என்று மட்டும் கேட்கும், போன் கொடுக்காது. செட்டின் திரையில் 'நோ டிவைஸ்' என்று வரும். 5 வோல்ட் மின்சாரத்துக்கு இந்தப் பேச்சுவார்த்தை தேவையில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். சில புதிய செட்டுகள் எம்.டி.பி.யும் கற்றுக்கொண்டு வருகின்றன. வாங்கும்போது கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி வாங்கவேண்டாம்.

ஏறுகிற சார்ஜும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. வழக்கமான யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும், அதாவது இரண்டரை வாட். வழிகாட்டி மேப்பும் திரை வெளிச்சமும் ஓடிக்கொண்டிருக்கும் போன் அதைவிட அதிகமாகவே குடிக்கும். தர்மபுரியில் 40 சதவீதத்தோடு செட்டில் மாட்டிக் கிளம்பியவர் சேலத்தில் 30 சதவீதத்தோடு இறங்கினால் ஒயர் கெட்டுவிட்டது என்று திட்டவேண்டியதில்லை.

கம்ப்யூட்டரிலும் சில நேரம் போன் காலி ஃபோல்டராகத் தெரியும். ஆண்ட்ராய்டு 6 முதல், மாட்டியவுடன் போன் சார்ஜ் மட்டும்தான் ஏற்றிக்கொள்ளும். பூட்டைத் திறந்து, மேலே வரும் அறிவிப்பைத் தட்டி, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பேசும். அதற்கும் மசியாவிட்டால் ஒயரைச் சந்தேகியுங்கள். யு.எஸ்.பி. 2.0 ஒயருக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. ரோட்டோரத்தில் விற்கும் மலிவு ஒயர்கள் சிலவற்றில் தகவல் கம்பிகள் இரண்டும் இருக்கவே இருக்காது.

சரி, கடைக்காரர் சொன்னபடி பென்டிரைவ் வாங்கியாயிற்று. அதிலும் வழியில் குண்டு குழி உண்டு. பெரும்பாலான கார் செட்டுகளுக்கு வாசிக்கத் தெரிந்தது ஃபேட்32 என்ற பழைய அடுக்கு முறை (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விதம்) மட்டுமே. 64 கிகாபைட் பென்டிரைவும் 64 கிகாபைட் மெமரி கார்டும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. 32-க்கு மேற்பட்ட கார்டுகளுக்குத் தரமே அதுதான். கம்ப்யூட்டர் அதைச் சரளமாக வாசிக்கும், செட்டு விழிக்கும். ஃபேட்32-ஆக ஃபார்மட் பண்ணலாம் என்று போனால், விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி நெடுங்காலமாக 32 கிகாபைட்டுக்கு மேல் அந்த வசதியைக் காட்டுவதில்லை. ஃபேட்32 அதைவிடப் பல மடங்கு பெரிய டிரைவையும் தாங்கும். மைக்ரோசாஃப்ட் தன் பெட்டியில் வைத்த வரம்புதான் அது. தனி மென்பொருள் தேடுவதைவிட 16 அல்லது 32 கிகாபைட் டிரைவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். 16 கிகாபைட்டில் ஐந்து நிமிடப் பாட்டு 3,000-க்கு மேல் கொள்ளும். ஓசூருக்கும் கன்னியாகுமரிக்கும் பல முறை போய் வந்தாலும் தீராது.

அடுத்து எல்லாரையும் எரிச்சலூட்டும் விஷயம்: பாட்டு வரிசை. கம்ப்யூட்டரில் அகர வரிசையில் அழகாகத் தெரிந்த பாட்டுகள் செட்டில் குலைந்து வரும். கம்ப்யூட்டர் காட்டும் வரிசை அது தன் வசதிக்காக அடுக்கிக் காட்டுவது. டிரைவில் இருக்கும் உண்மையான வரிசை, எது முதலில் எழுதப்பட்டதோ அதன்படி இருக்கும். சாதாரணச் செட்டு அந்த வரிசையைத்தான் வாசிக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டால், அழித்த இடத்திலேயே புதுப் பாட்டு போய் உட்கார்ந்துகொள்ளும். பக்திப் பாட்டு ஃபோல்டருக்கு நடுவே குத்துப்பாட்டு எட்டிப் பார்ப்பதன் மர்மம் இதுவே. டிரைவை முழுதும் அழித்து, ஒவ்வொரு ஃபோல்டராக வேண்டிய வரிசையில் திரும்பப் பதிவது எளிய மருந்து. மேக் கம்ப்யூட்டரில் பதிகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை: ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்பு ஒன்றும் சேர்ந்து எழுதப்படும். செட்டு அதையும் பாட்டென்று நினைத்துத் திறக்கப் பார்த்து முழிக்கும்.

பெயர் தெரியாத பிரச்சினை நம் பக்கத்துக்கே உரியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரே வீட்டுப் பென்டிரைவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இருக்கும். செட்டின் சின்னத் திரையில் மூன்றும் சமத்துவமாகக் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். பாட்டுக் கோப்பின் கடைசியில் தலைப்பு, பாடகர் பெயர் எழுதும் பழைய ஏற்பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 30 பைட் இடம்தான். அதில் இந்திய எழுத்துகளுக்கு ஏற்பாடே கிடையாது. பின்னால் வந்த ஏற்பாட்டில் யுனிகோடு உண்டு, என்றாலும் செட்டுக்குள் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பயனில்லை. எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் செட்டுகளும் உண்டு. ஃபோல்டர்களுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வழி. இணையத்தில் இறக்கிய பாட்டென்றால் இந்தக் கவலையும் மிச்சம்: தலைப்பு, பாடகர், ஆல்பம் எல்லா இடத்திலும் இறக்கிய தளத்தின் பெயரையே எழுதி வைத்திருப்பார்கள்.

கோப்பு வகையும் கவனிக்கவேண்டியது. எம்.பி.3 என்ற பின்னொட்டு ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்கள் 1995 ஜூலையில் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு வந்த கார் செட்டு எதுவானாலும், கோப்பு வாசிக்கத் தெரிந்ததென்றால் எம்.பி.3 தெரிந்திருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவு ஓபஸ் வகை. வீடியோ தளங்களிலிருந்து பிரித்தெடுத்த ஒலி எம்4ஏ அல்லது ஓபஸ். பழைய செட்டு இவற்றைத் தாண்டிப் போய்விடும். பெயரின் வாலில் எம்.பி.3 என்று மாற்றி எழுதினால் கோப்பு மாறிவிடாது, மென்பொருளில் மாற்றவேண்டும்.

இவ்வளவு தொல்லையும் கோப்பை அனுப்புவதால் வருவது. ஒலி அலையையே அனுப்பிவிட்டால் அடுக்கு முறையும் வேண்டாம், கோப்பு வகையும் வேண்டாம். கோப்பைத் திறந்து பாட்டாக்கும் வேலை போனுக்குள் முடிந்துவிடும். செட்டுக்கு அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் வேலை மட்டும். போனின் ஹெட்போன் துளையையும் செட்டையும் இணைக்கும் ஆக்ஸ் ஒயரின் பெருமை இதுதான். 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று வளையம்: இடது, வலது, எர்த். மைக் உள்ள ஹெட்போனுக்கு நான்கு வளையம். இதில் எர்த்தும் மைக்கும் இடம் மாறிய இரண்டு தரங்கள் ஒரு காலத்தில் புழங்கின. பின் பொருந்தாமலோ அரைகுறையாகச் சொருகியோ எர்த் தொடாமல் போனால் விசித்திரம் ஒன்று நடக்கும்: பாடகர் குரல் காணாமல் போய்ப் பின்னணி இசை மட்டும் மெலிதாகக் கேட்கும். குரலை இடது, வலது இரண்டிலும் சம அளவில் பதிந்திருப்பார்கள். எர்த் இல்லாதபோது ஸ்பீக்கருக்குக் கிடைப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்; சமமாக இருப்பது கழிந்து போய்விடும். கரோக்கி வேண்டுமானால் உதவும்.

ஆக்ஸில் வால்யூமை எங்கே வைப்பது என்பதும் சின்ன வித்தை. போனில் முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, மிச்சத்தைச் செட்டில் கூட்டிக் குறைக்கவேண்டும். போனில் குறைவாக வைத்துச் செட்டில் திருகினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அந்த நிலையில் கை தவறி ரேடியோவுக்கு மாற்றினால் பின் சீட்டில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார்.

ஆக்ஸில் போட்டு, அதே போனுக்குச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து சார்ஜும் போட்டால், பலருக்கு 'உய்ங்' என்ற ஊளை கேட்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையும் ஏறும், விட்டால் இறங்கும். செட்டு கெட்டுவிட்டது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பலர் செலவு பண்ணுவது இங்கேதான். ஸ்பீக்கருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போன் இரண்டு வழியாக வண்டியின் எர்த்தைத் தொடுகிறது: சார்ஜர் வழியாக ஒன்று, ஆக்ஸ் ஒயர் வழியாக ஒன்று. இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே துளி மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். எஞ்சின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் ஆல்டர்னேட்டரின் அதிர்வு அதில் கலந்து ஒயரில் ஓடும். செட்டுக்கு அதுவும் பாட்டாகவே படும். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறுவது ஆல்டர்னேட்டர்தான் காரணம் என்பதற்குச் சாட்சி. சார்ஜர் ஒயரை உருவிப் பாருங்கள். ஊளை நின்றுவிட்டால் நோய் இதுவே. பவர் பேங்கிலிருந்து சார்ஜ் போட்டால் தீரும். அல்லது ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்ன டப்பா கிடைக்கும். அதற்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி காந்தப் புலமாகத் தாண்டிப் போகும், எர்த் தொடர்பு அறுந்துவிடும்.

லாரியில் இது இன்னும் கடுமை. பெங்களூரிலிருந்து சேர்ந்தே வரும் 44-ஆம் 48-ஆம் எண் நெடுஞ்சாலைகள் கிருஷ்ணகிரியில் பிரிந்து, ஒன்று சேலம் பக்கமும் ஒன்று சென்னை பக்கமும் போகின்றன. அதனால் லாரி செட் வேலை பார்க்கத் தெரிந்த கைகளுக்கு இந்தச் சாலையில் குறைவில்லை. பெரிய லாரியின் மின்சாரம் 24 வோல்ட்: இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இருக்கும். கடையில் கிடைக்கும் செட்டுகளோ 12 வோல்ட். கன்வெர்ட்டர் செலவை மிச்சம் பிடிக்க, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் இணைப்பு எடுத்துவிடுகிறார்கள். செட்டு பாடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் தேயும். ஆல்டர்னேட்டரோ இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் சார்ஜ் ஏற்றும். ஒன்று எப்போதும் அரை வயிறாகவும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் கிடந்து, இரண்டும் ஆயுசுக்கு முன்னால் போய்விடும். கன்வெர்ட்டர் விலையைவிடப் பேட்டரி விலை பல மடங்கு. லாரியில் போன் சார்ஜர் போடுகிறவர்கள் அதன் மேல் 12–24 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொருகவேண்டும்.

ஒலி அலையை எதிர்த் திசையில், அதாவது பழைய பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகிற வேலையும் இருக்கிறது. தர்மபுரி பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்துப் பதிந்த கேசட்டுகள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. வாக்மேனின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் போட்டால் போதும், ஆனால் எந்தத் துளையில் என்பது முக்கியம். டெஸ்க்டாப்பின் பின்னால் இளநீலத் துளை லைன்-இன் (பிளேயர் போன்ற கருவியின் ஒலியை வாங்குவது), இளஞ்சிவப்பு மைக், பச்சை ஸ்பீக்கர். இளஞ்சிவப்பில் போட்டால் பதிவு கரகரவென்று உடைந்துவிடும். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்னழுத்தத்துக்குப் பழகிய துளை அது. பல லேப்டாப்களில் லைன்-இன்னே இல்லை, யு.எஸ்.பி.யில் மாட்டும் சவுண்ட் கார்டு ஒன்று வாங்கும்போது அதில் லைன்-இன் இருக்கிறதா என்று கேட்டு வாங்கவேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் சி.டி. தரத்தில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். 60 நிமிடக் கேசட் 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல். வண்டியில் கேட்க எம்.பி.3 ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் மூலப் பதிவை அழிக்காதீர்கள். அந்தக் கேசட் மறுபடி ஒருமுறை ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஆக்ஸ் துளையே இல்லாத வண்டிக்கு? கேசட் வாய் இருந்தால் கேசட் அடாப்டர். கேசட் கூட்டுக்குள் டேப்புக்குப் பதிலாக ஒரு சின்ன மின்காந்தம். அது செட்டின் ஹெட்டுக்கு எதிரே நின்று, ஓடும் டேப் உண்டாக்கும் காந்த மாற்றத்தைத் தானே உண்டாக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. தரத்தில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைவிட மேல் என்றே சொல்வேன், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் கேசட் செட்டைத்தான் தேடவேண்டும்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் எல்லாருக்கும் தெரிந்தது. லைட்டர் துளையில் சொருகினால் 87.5-க்கும் 108 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் நாம் சொல்லும் எண்ணில் குட்டி வானொலி நிலையமாகிவிடும். ரேடியோவை அந்த எண்ணில் வைத்துக்கொள்ளவேண்டும். காலியான எண் கிடைப்பதுதான் பாடு. இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001-இல் பெங்களூரில் தொடங்கியது, இன்று அந்த ஊர் அலைவரிசை முழுக்க நிலையங்கள். ஓசூர் வரை அவை தாராளமாகக் கேட்கும். ஓசூரில் தேடிப் பிடித்த காலி எண்ணில் பாட்டு போட்டுக்கொண்டு சூளகிரி தாண்டி இறங்கினால், பெங்களூர் நிலையங்கள் மங்கி வேறு நிலையங்கள் தலைகாட்டும். தர்மபுரி வானொலி 102.5-இல் இருக்கிறது, அந்த எண்ணையோ அதை ஒட்டிய எண்ணையோ தேர்ந்தெடுத்தவருக்குப் பாட்டின் நடுவே திடீரென்று செய்தி வாசிப்பு புகும். இரண்டும் கலந்து கேட்பதுகூட அரிது. ஒரே எண்ணில் இரண்டு அலை வந்தால் வலுவானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுவது எஃப்.எம்.மின் குணம். டிரான்ஸ்மிட்டர் வண்டிக்குள், ஆன்டெனா வெளியே, நடுவில் இரும்புக் கூடு என்பதால் நம் குட்டி நிலையம் தோற்றுப்போகும். அடிக்கடி போகிற பாதைக்கு இரண்டு மூன்று எண்களைச் செட்டின் பட்டன்களில் பதிந்து வைத்துக்கொள்வதே நடைமுறை.

புளூடூத் வந்தபின் இதில் பாதி பழங்கதை. அதிலும் போகிறது பாட்டுக் கோப்பு அல்ல. போன் பாட்டைத் திறந்து, சுருக்கி, காற்றில் அனுப்புகிறது. ஓபஸ் ஆனாலும் செயலியில் ஓடும் பாட்டானாலும் செட்டுக்கு எல்லாம் ஒன்றே. ஒரே சந்தேகம், கால் பேச முடிகிறது பாட்டு வரவில்லை என்று சில பழைய செட்டுகளைப் பற்றி வருவது. புளூடூத்தில் பேச்சுக்கு ஓர் ஏற்பாடு, பாட்டுக்கு வேறோர் ஏற்பாடு, ஏ2டி.பி. என்று அதற்குப் பெயர். செட்டு வாங்கிய காலத்தில் பேச்சு ஏற்பாடு மட்டும் வைத்து விற்றிருந்தால் பாட்டு வரவே வராது. செட்டில் இரண்டும் இருந்தும் பாட்டு போன் பேச்சு மாதிரி ஒலித்தால், போனின் புளூடூத் அமைப்பில் அந்தச் செட்டின் பெயரைத் தொட்டு 'மீடியா ஆடியோ' ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

செட்டையே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தால் அளவு கவலையில்லை: பழைய வண்டிகளின் ஒற்றை இடம் 180-க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை 180-க்கு 100, உலகெங்கும் வழக்கமான அளவு. ஒயரிங்தான் பார்க்கவேண்டியது. செட்டின் மஞ்சள் ஒயர் எப்போதும் பேட்டரியில் இருக்கவேண்டும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில். இரண்டையும் சேர்த்துச் சாவிப் பக்கம் முறுக்கிவிட்டால் ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் கடிகாரமும் பதிந்து வைத்த நிலையங்களும் அழிந்துபோகும். இரண்டையும் பேட்டரிப் பக்கம் கொடுத்துவிட்டால் செட்டு அணைவதே இல்லை, நான்கு நாள் நிறுத்திய வண்டி செல்ஃப் எடுக்காது. கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டாமல், அந்த வண்டிக்கென்று விற்கும் கப்ளர் போட்டு மாட்டித் தரச் சொல்லுங்கள். கூலியோடு கொஞ்சம் கூடுதலாகும், பின்னால் வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்டிக்கொடுத்துவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொள்ளலாம்.